கித்தானில் எழுதிய நீலவரியன்

எருக்கு, கொன்றை, அரளி, வில்வம் என்னும் நான்கும் சிவபூசைக்கு உரியனவாக நம்மவர் போற்றி வளர்ப்பன. இவற்றை நாடி வரும் பிறிதொரு கூட்டமும் உண்டென்பதைத் திருநந்தவனம் காப்போர் நன்கறிவர். எருக்கிலையை வெந்தயவரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும். அரளியிலையை வெண்புள்ளிக் கருப்பனின் புழு தின்னும். கொன்றைத் தளிரிலே வெளிர்மஞ்சட் சிறகுடைய ஒரு வகையின் புழுவும், வில்வத்திலே கருமையில் மஞ்சட் புள்ளிகள் நிறைந்த பெரியதொரு வகையின் புழுவும் வளரும். பூசைக்கு வளர்த்த செடியைப் புழு தின்னுமாயின் அதனைக் கொல்லலாமோ கொல்லலாகாதோ என்பது சிறு வினாவன்று. இவ்வினா என்முன் வந்து நின்றது ஒரு படம் எழுதத் தொடங்கிய காரணத்தால் ஆகலின், அப்படத்தின் வரலாற்றை முதற்கண் கூறுகின்றேன்.

யான் கள்ளக்குறிச்சியில் வாழ்பவன். பள்ளிகளில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கல்வராயன் மலையில் மலையாளி மக்களின் பிள்ளைகள் உண்டு உறைந்து பயிலும் பள்ளியொன்றின் ஆசிரியர், தம் மாணாக்கர் கண்டு மகிழ மலையின் வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கித்தானில் எழுதித் தருமாறு சென்ற ஆண்டு வேண்டினர். தமிழ்நாட்டரசு 2019 ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் செம்மஞ்சள் நிறப் பூச்சியை மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தமையின் அதனையே எழுதலாமென்று கூறியவரும் உளர். எனினும் என் உள்ளம் நீலவரியனையே பற்றிற்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், புரட்டாசி ஐப்பசித் திங்கள்களில், நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியன சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் என்னும் கிழக்கு மலைகளினின்றும் திரள் திரளாகப் புறப்பட்டு மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் செல்லும். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மீண்டும் கிழக்கு நோக்கி ஒரு பெயர்ச்சி நிகழும். ஓரணா எடையும் தேறாத உயிர் வயலும் ஊரும் நெடுஞ்சாலையும் கடந்து இவ்வளவு தொலைவு செல்வது வியக்கற்பாலது. நீலவரியன் அடங்கிய இனத்துக்கு மூர் என்னும் ஆங்கிலேயர் 1880 ஆம் ஆண்டில் ‘திருமலா’ என்று பெயரிட்டனர். மலையில் உலவுவதற்கு அப்பெயர் இனிது பொருந்திற்று என்று கொண்டேன்.

இச்செய்தியைக் கேட்ட என் நண்பர் ஒருவர், ஆகமமும் சாத்திரமும் முறையாகக் கற்றவர், சிறிது வருந்தினர். “ஐயா, தாங்கள் கூத்தப்பிரானை எழுதிய கையால் பூச்சியையோ எழுதப் புகுந்தீர்கள்?” என்றனர். அவர்க்கு யான் கூறிய விடை இது: உலகம் வெறுந்தோற்றம் என்பார் மதத்தினர்க்குப் பூச்சியின் சிறகு பொய்யாகலாம். உலகம் உள்பொருளாகிய மாயையினின்றும் இறைவனால் தோற்றுவிக்கப்பட்டதெனக் கொள்ளும் நமக்கு அச்சிறகு மெய். அதனை உள்ளவாறு காண்டலும் உள்ளவாறு எழுதுதலும் வீண் செயலாகா. அன்றியும், சித்திரகாரப்புலி என்று விருதுப்பெயர் பூண்ட மகேந்திரவர்மனைப் பெற்றது நம் நாடு. அவன் மரபில் வந்த இராசசிங்கன் காலத்து ஓவியத்தை இன்றும் பனைமலைச் சிவன் கோயிலில் காண்கின்றோம். நண்பர் ஒருவாறு அமைந்தனர். ஆயினும் முழுதும் உடன்பட்டிலர் என்பது அவர் முகத்தால் விளங்கிற்று.

அடுத்த இடர் ஆசிரியர் பக்கலிருந்து வந்தது. அவர் நன்மனத்தினர். எனக்கு உதவ விரும்பி, இளைஞர் ஒருவரைக் கொண்டு நீலவரியன் ஒன்றைப் பிடித்து, மருந்தின் ஆவியில் கொன்று, ஊசி குத்திப் பலகையிற் பதித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினர். வேண்டா என்று உடனே மறுமொழி விடுத்தேன். கொல்லாமையை உயிரெனப் போற்றும் நெறியில் நிற்போன், சுவரை அழகு செய்தற்பொருட்டு ஓருயிரைப் போக்குதல் எங்ஙனம் ஒக்கும்? இஃது ஒரு காரணம். ஓவியம் பற்றிய காரணமும் ஒன்றுண்டு. பலகையிற் பதித்த பூச்சியின் முன்சிறகுகளை, அவற்றின் பின்விளிம்பு உடலுக்கு நேர் குறுக்காக நிற்குமாறு இழுத்துப் பொருத்துவர். வகைகளை ஒப்புநோக்குவார்க்கு அது வேண்டுவதே. ஆனால் உயிருள்ள பூச்சி எதுவும் அவ்வாறு சிறகை வைத்துக்கொண்டிருப்பதில்லை. உடல் வற்றிவிடும், கண் ஒளியிழக்கும், உணர்கொம்புகள் விறைத்து நிற்கும். அதனைப் பார்த்து எழுதினால், எழுதுவது பிணத்தையே.

ஆகவே ஐப்பசியில் நான்கு முறை கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் சென்றேன். கோமுகி அணையைக் கடந்து சாலை வளைந்தேறும் இடங்களில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடிகள் உள்ளன. அவற்றை நீலவரியனின் ஆண்கள் மொய்த்திருக்கும். பூவில் தேன் உண்ணுதற்கு அன்று. வாடிய தண்டினின்றும் கைப்பான காரச்சத்து ஒன்றை உறிஞ்சுதற்கு. அச்சத்தே பெண்ணை ஈர்க்கும் மணத்துக்கு முதலாகின்றது. பறவைகள் தின்ன ஒவ்வாத கைப்பையும் உடலுக்கு அளிக்கின்றது. அத்தொழிலில் ஈடுபட்ட பூச்சி கையெட்டும் தொலைவில் மனிதர் அமர்ந்தாலும் எளிதில் எழுந்து போவதில்லை. எழுதுவோனுக்கு இதனினும் வாய்ப்பு வேறென் வேண்டும்? குறிப்பேட்டில் கரிக்கோலால் இருபதுக்கு மேற்பட்ட கோலங்களை வரைந்துகொண்டேன். சாலையில் ஊர்தி மோதி இறந்து கிடந்த இரண்டையும் எடுத்து வந்து உருப்பெருக்கியால் சிறகின் அமைப்பை நோக்கினேன். இறந்ததை நோக்குதற்கும் நோக்குதற்பொருட்டுக் கொல்லுதற்கும் உள்ள வேற்றுமையை அன்பர்கள் அறிவர்.

உருப்பெருக்கியில் கண்டவற்றுள் இரண்டு படத்துக்கு மிகவும் உதவின. சிறகின் கருமை ஒரே கருமையன்று. வெயிலில் பழுப்பாகவும் நிழலில் நீலம் கலந்த கருமையாகவும் தோன்றும். அதனிடையே உள்ள வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும் மேலே பூசிய நிறம்போல் இல்லாமல், பலகணியில் பதித்த மெல்லிய கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடுகின்றன. செடியின் மறுபுறத்தே கதிரவன் நிற்கும்போது மூடிய சிறகைப் பார்த்தால் இது தெளிவாகும். ஊசியிற் குத்திப் பலகையோடு ஒட்டவைத்த சிறகில் இவ்வொளிக்கு இடமேயில்லை.

இனி வண்ணத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சுண்ணச் சுதையும் பிசினும் எண்ணெயும் நம் முன்னோர்க்கும் மேனாட்டார்க்கும் நெடுங்காலமாக நிறத்தைப் பற்றவைக்கும் பொருள்களாயிருந்தன. அக்கிரிலிக் வண்ணம் அண்மைக் காலத்தது. செருமானியராகிய ஓட்டோ ரோம் என்பார் 1901 ஆம் ஆண்டில் இம்மூலப்பொருளை ஆராய்ந்து தம் பட்டத்துக்கு நூல் எழுதினர். நீரிற் கலந்து ஓவியர் எழுதத்தக்க வண்ணமாக அஃது அமெரிக்க நாட்டில் வெளிவந்தது 1955 ஆம் ஆண்டளவில். நிறப்பொடியைச் சுமந்த செயற்கைப் பிசின் நுண்துளிகளாய் நீரில் மிதக்கும். நீர் உலர்ந்தவுடன் துளிகள் தம்முள் கலந்து ஒரு படலமாகிவிடும். பின்னர் அதனை நீர் கரைக்காது. ஈரத்தில் அப்பிசின் பால்போல் வெளுத்தும் உலர்ந்தபின் தெளிந்தும் இருத்தலால், பூசியபோது கண்ட நிறத்தினும் உலர்ந்த நிறம் ஒரு படி அழுத்தமாகத் தோன்றும். கள்ளக்குறிச்சியின் கோடை வெயிலில் தட்டில் இட்ட வண்ணம் ஒருவர் வந்து நலம் வினவிச் செல்வதற்குள் தோலாகிவிடும். ஈரத்துணி விரித்து, அதன்மேல் தாளிட்டு, தாளின்மேல் வண்ணம் வைத்துக்கொள்வது நலம்.

கித்தானை மரச்சட்டத்தில் இறுக்கி, வெண்பூச்சு இரு முறை இட்டு, உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். அகலம் 18 அங்குலம், உயரம் 24 அங்குலம். கிலுகிலுப்பைக் கொம்பில் இரண்டு பூச்சிகள்: ஒன்று சிறகை மூடியது, மற்றொன்று பாதி விரித்தது. சிறகு முழுவதற்கும் நீலத்தில் பச்சை ஒரு சாயல் கூட்டி, நிறைய நீர் சேர்த்து, மிக மெல்லிதாக ஒரு பூச்சு இட்டேன். அடியிலுள்ள வெண்மை அதனூடே ஒளிரும். அஃது உலர்ந்தபின், புள்ளிகளையும் கோடுகளையும் தொடாமல் விட்டு, சுற்றிலும் கருமையை நிரப்பினேன். குழாயிலுள்ள கருமையைப் பயன்படுத்தவில்லை. சுட்ட மண்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து, வெயில் படும் இடத்தில் முன்னதையும் நிழலிடத்தில் பின்னதையும் மிகுத்தேன். கருமையின்மேல் வெளிர்நீலத்தைப் புள்ளியாக வைப்பது விரைவில் முடியும் வேலை; ஆனால் வெள்ளை கலந்த அந்நீலம் சுவரில் அப்பிய சுண்ணாம்புபோல் ஒளியைத் தடுத்துவிடும். கூட்டுப்புழுவின் உள்ளே சிறகு உருவாகும்போதும், பல வகைகளில் வெளிறிய செதில்கள் முன்னரும் கருஞ்செதில்கள் கடைசியிலும் நிறமேறும் என்று ஆராய்ந்தோர் கூறுவர். அதனைப் படித்தபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன்.

படம் முடியுந் தறுவாயில் நண்பர் வந்தனர். நெடுநேரம் நோக்கி, “பூச்சிக்கு ஆறு கால் என்று பள்ளியிற் படித்தோம், தாங்கள் நான்கே எழுதினீர்களே” என்றனர். முதற் குறிப்புகளை வரைந்த நாளில் என்னருகே குந்தியிருந்த மலைச்சிறுமி ஒருத்தி, “ஐயா, இது நாலு காலில்தான் நிற்கும்” என்று தானே சொல்லியது நினைவுக்கு வந்தது. இருவர் கூற்றும் மெய்யே. இவ்வகையில் முன்னங்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டிக் கிடக்கும். நிற்பதற்கு உதவுவன நான்கே. நண்பர் அதனை விரும்பிக் கேட்டனர். பின்னர்ப் பேச்சு நால்வகைத் தோற்றத்தின்மேற் சென்றது. புழுவென்றால் வெயர்வையில் தோன்றுவதென்று பொதுப்படக் கொள்வதுண்டு. ஆனால் எருக்கிலையின் அடியில் குண்டூசித் தலையளவான முட்டையை யான் காட்டியபோது, இதனை அண்டசத்தில் வைத்தலே முறை என்று அவரே துணிந்தார். புழு வேட்டுவனாகும் என்னும் பழைய உவமையையும் அவர் எடுத்தார். வேட்டுவன் கூட்டில் அடைபடும் புழு அதன் குஞ்சுக்கு இரையாவதே என்று இக்காலத்தார் கண்டுள்ளனர். அதனால் அவ்வுவமை குறித்த பொருளுக்கு இழுக்கொன்றுமில்லை. எனினும் புழு சிறகு பெறுதலை நேரே காண விரும்புவார்க்கு அரளிச்செடியே போதும் என்றேன்.

இங்கேதான் அவர் மௌனமாயினர். அவர் மேற்பார்வையிலுள்ள நந்தவனத்தில் திங்கள்தோறும் புழுமருந்து தெளிக்கப்படுவதை யான் அறிவேன். அதனை யானாக எடுத்துரைக்கவில்லை. அவரே தொடங்கினர். புழு கடித்த பூவும் இலையும் பூசைக்கு ஆகா என்னும் விதியை எவ்வாறு கடப்பது என்பது அவர் ஐயம். விதியைக் கடக்க வேண்டுவதில்லை என்றேன். எருக்கு, அரளி, கொன்றை என்னும் மூன்றிலும் நாம் கொள்வது பூவை. புழு பெரும்பாலும் தின்பது இலையை. ஆண்டவனுக்குரியதில் அது பங்கு கேட்கவில்லை. வில்வத்தில் மட்டும் இலையே அருச்சனைக்குரியது. அங்கே முரண் உண்மையாகவே உள்ளது. இதற்கு என்னிடம் முழுவிடை இல்லை. அப்புழு நாரத்தையிலும் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளர்வதாகலின், கையால் எடுத்து மதிற்புறத்து நாரத்தையில் விடலாம் என்று மட்டும் சொன்னேன். நாள்தோறும் அதனைச் செய்ய ஆள் வேண்டுமே என்றனர். ஆம், வேண்டும்.

கார்த்திகை முதல் அரளி வரிசைக்கும் எருக்குக்கும் மருந்து தெளிப்பது நின்றிருக்கின்றது. வில்வத்துக்கு இன்னும் தெளிக்கின்றனர். நண்பர் அதனைக் குறித்து ஆள் தேடிக்கொண்டிருக்கின்றனர். சென்ற திங்கட்கிழமை அரளியிலையின் அடியில், வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் ஒளிரும் கூடுகள் ஏழு தொங்குவதாக நந்தவனக்காரர் வந்து சொன்னார்.