புத்தகம் வரும், செய்முறை வராது

சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்றப்ப ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிக்கு ஒரு டிக் கேக்கும், பார்த்திருப்பீங்க. அந்த விதி நம்ம நாட்டு மேலயும் பாய்ஞ்சிருக்குங்க.

ரஷ்யாகிட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பம் வாங்கப் போனதுக்காக 1992-ல் அமெரிக்கா இஸ்ரோ மேல ரெண்டு வருஷத் தடை போட்டது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. இன்ஜின் தர்றோம், செய்முறை கிடையாதுன்னாங்க. இன்ஜினைவிட அதைச் செய்யத் தெரியறதுதான் உறுத்தியிருக்கு. மகேந்திரகிரியில வருஷக்கணக்கா சோதிச்ச பிறகு, சொந்த இன்ஜினோட ஜிஎஸ்எல்வி டி5 ஜெயிச்சது 2014 ஜனவரி 5-ல்.

வேடிக்கை என்னன்னா, 1988-லயே அதே அமெரிக்கா புத்தகம், சினிமா மாதிரி தகவல் பொருட்களுக்குப் பொருளாதாரத் தடையிலிருந்து விலக்கு கொடுத்திருச்சு. நம்ம ஸ்கோமெட் பட்டியலும் பொதுவெளியில இருக்கற தகவலைத் தொழில்நுட்பக் கணக்குல சேர்க்காது. ஆக, ராக்கெட் பாடப்புத்தகத்தைக் கோவைக்கு வரவழைக்க யாரும் தடுக்கல!

ஆனா சமன்பாடு மட்டும் போதுமா? கணபதி பக்கம் ஃபவுண்டரில வேலை பாக்கற அண்ணன் யாரையாவது கேளுங்க. காஸ்டிங்ல எங்க ப்ளோ ஹோல் விழும்னு அவர் பார்த்ததும் சொல்வார், எழுதிக் கொடுங்கன்னா சிரிப்பார். சட்டம் பூட்டி வெக்கறது அந்த மாதிரி விஷயத்தைத்தான்.

என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல, சரிவராத ட்ரையல்களுக்குன்னே ஒரு சாப்டர் வெக்கலாம்னு இருக்கேன். கைடு ஒத்துக்கணும்.