பல்லின் மறுமுகம்

ஜீப்பின் டிஃபரன்ஷியலில் லாக்கர் போடுவது நட்டு போல்ட்டு வேலை என்று இப்போது எல்லாரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பி முகத்துக்கு நேராகவே கேட்டார்: “இதுக்கு இவ்வளவு கூலியா அண்ணே? வீடியோவுல ஒருத்தர் அரை மணி நேரத்துல முடிச்சுடுறாரு.” அவர் வீடியோவில் பார்த்தது ஸ்டார் பினியனையும் சன் கியரையும் மட்டும் எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற வகை. அவர் பெட்டியோடு கொண்டுவந்ததோ டிஃபரன்ஷியலின் கேஜோடு, அதாவது கூட்டோடு, மாறுகிற ஏர் லாக்கர். இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டிய பட்டறைகளே அதை மறந்துவிட்டன. அடுத்த சித்திரையோடு நான் பட்டறையைப் பையன்களிடம் ஒப்படைக்கப் போகிறேன். அதற்குள் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் போடியில் ஜீப் என்பது பிழைப்பு. விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் நின்று சும்மா சுற்றும், கல்மேல் இருக்கும் சக்கரம் அசையாது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குத்தான் கொடுக்கும். அந்தரத்தில் சுற்றும் சக்கரம் முறுக்கு வாங்காதபோது மற்றதற்கும் வந்து சேராது. லாக்கர் இரண்டு பக்கத்து ஆக்ஸிலையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கம்பெனியே போட்டுத் தருகிறது. கம்பெனி போட்டுத் தராத வண்டிக்காரர்கள் எங்களிடம்தான் வர வேண்டும்.

லாக்கரோடு சேர்ந்து வருவது, முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் லாக் ஹப். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உலகப்போரில் மிஞ்சிய ஜீப்புகள் தார்ச்சாலைக்கு வந்தபோது, 1948இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் லாக் ஹப் செய்து விற்கத் தொடங்கினார். ஃப்ரீயில் வைத்தால் முன் ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் முன் ஷாஃப்டும் வீணாகச் சுற்றாது. முன்னால் தானாகப் பூட்டும் லாக்கர் போட்டவர்களுக்கு ஹப் இன்னும் முக்கியம். ஹப் ஃப்ரீயில் இருந்தால் சாலையில் லாக்கர் இருப்பதே ஸ்டியரிங்குக்குத் தெரியாது. ஆனால் ஹப்பைத் திறந்தால் கிரீஸை வழிய வழிய அப்பி மூடுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ! வீல் பேரிங்குக்கு நிறைய கிரீஸ் வேண்டும். ஹப்புக்குள் மெல்லிய பூச்சுதான். உள்ளே நழுவுகிற பல் வளையம் கெட்டி கிரீஸில் சிக்கினால் முழுதாக ஏறாது. பாதிப் பல்லில் பிடித்துக்கொண்டு, ஏற்றத்தில் பாரம் விழும்போது பல்லைச் சீவிவிடும். பேரிங் நட்டையும் பலத்தைக் காட்டி இறுக்கிவிட்டுப் போகிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, லாக் வாஷரின் நாக்கைக் காடியில் உட்காரவைத்து, அதன்மேல் இரண்டாவது நட்டு. அந்த நாக்கு ஒடிந்த பழைய வாஷரையே திரும்பப் போடுகிறவர்களை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

இப்போது கிரவுனுக்கு வருகிறேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். டிஃபரன்ஷியல் வேலை வந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிடுவார். பேரிங் கேப் இரண்டையும் கழற்றும் முன் பஞ்சால் புள்ளி வைக்கச் சொல்வார், இடது வலது மாறக் கூடாது என்று. ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை அவை. மாற்றிப் போட்டால் பேரிங் நேராக உட்காராது.

புது லாக்கரின் கேஜ் பழைய கேஜுக்கு இம்மி பிசகாமல் இருக்காது. சில தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடும், குறையும். அதனால் இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடான சிம்மின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இந்த ஜீப்புகளில் சிம் உட்காருவது பேரிங்குக்கும் கேஜுக்கும் நடுவில். ஒரு சிம் மாற்ற ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்தால் பேரிங் பாழாகும். மாஸ்டர் இதற்கென்றே பழைய பேரிங் ஒரு ஜோடி வைத்திருந்தார். உள்வளையத்தை எமெரி தாளால் பொறுமையாகத் தேய்த்து, கையாலேயே ஏறி இறங்கும்படி ஆக்கியிருப்பார். அளவு பார்ப்பது அதில். கணக்கு சரியான பிறகுதான் புது பேரிங்கை அடித்து இறக்குவது. அந்த ஜோடி இன்று என் டப்பாவில் இருக்கிறது.

பேக்லாஷ், அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே உள்ள தளர்வு, 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்து ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது. கிரவுனைச் சுற்றி நாலு இடத்திலாவது பார்க்க வேண்டும். அதோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் இன்று அதிகம். பேக்லாஷ் சரியாக இருந்தும், கிரவுனைச் சுற்றவைக்கும் பினியனின் ஆழம் தப்பாக இருக்கலாம். அதைப் பல்லில் விழும் தடமான பேட்டர்ன்தான் சொல்லும். ரெட் லெட் பொடியை எண்ணெயில் குழைத்துப் பல்லில் பூசி, மரக்கட்டையால் கிரவுனை அழுத்திப் பிடித்தபடி பினியனைச் சுற்ற வேண்டும். சும்மா சுற்றினால் வரும் தடம் பாரம் ஏறும்போது வரும் தடம் அல்ல. தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது. உச்சியில் விழுந்தால் இன்னும் உள்ளே வர வேண்டும். நடுவில், முந்திரிக்கொட்டை அளவுக்கு விழ வேண்டும்.

மாஸ்டர் என்னை மணிக்கணக்கில் உட்காரவைத்தது இதற்கு அடுத்த பாடத்துக்குத்தான். கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம், ஒன்று குவிந்தது, இன்னொன்று குழிந்தது. பின் ஆக்ஸிலில் வண்டி முன்னால் போகும்போது குவிந்த முகம் பாரம் வாங்கும். பின்னால் போடும் அதே வெட்டுப் பல்லைத்தான் இந்த ஜீப்புகளில் முன்னாலும் போட்டிருக்கிறார்கள். முன்னால் பினியன் வண்டியின் பின்புறம் பார்த்து நிற்பதால் பாரம் குழிந்த முகத்தில் விழுகிறது. பலம் குறைந்த முகம் அது. “முன்னாடி ஆக்ஸில்னா உள்வளைஞ்ச பக்கத்தப் பாருடா. மத்ததப் பாத்து என்ன பிரயோசனம்?” என்பார். ஹை பினியன் வண்டிகளில் வெட்டே வேறு, அவற்றுக்கு இந்தக் கணக்கு ஒட்டாது. அதையும் அவர்தான் சொன்னார். பொருத்திய சில மாதத்தில் கிரவுன் பல் உதிர்ந்து என்னிடம் வரும் முன் ஆக்ஸில்களைத் திறந்தால் பெரும்பாலும் இதே கதைதான். குவிந்த முகத்தில் தடம் அழகாக நடுவில் இருக்கும், குழிந்த முகத்தில் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும்.

இன்னொரு கேடும் பரவிவருகிறது. லாக்கர் வாங்கக் காசில்லை என்று ஸ்டார் பினியனை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். ஹப்பை லாக் செய்ததும் அந்த வண்டியின் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். மலையில் அது உயிரோடு விளையாடுவது. சரியான லாக்கரிலும், பூட்டிய நிலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மொத்த முறுக்கும் ஒரே பக்கத்து யு ஜாயிண்டில் போய் விழும். அதன் கிராஸ் உடையும், பழி பொருத்தியவன் மேல் வரும்.

ஏர் லாக்கருக்குக் காற்றுக்குழாய் விடும் துளையை ஹவுசிங்கில் போட்டபின் இரும்புத்தூள் ஒரு துளிகூட உள்ளே தங்கக் கூடாது. காந்தம் விட்டுத் துழாவிய பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். காற்று வெளியேறும் இடத்தில் கியர் எண்ணெய் கசிந்தால் உள்ளே ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம், அதைத் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

லாக்கர் வாங்குகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூலி பேசுங்கள், தப்பில்லை. ஆனால் கவர் மூடும் முன் இரண்டு முகத்துப் பேட்டர்னையும் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். காட்ட மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.