பசை இளகும் நேரம்

எங்கள் ஊர்ப்பக்கம் சுவரிலிருந்து காகிதத்தை உரிப்பது மாட்டின் வேலை. சினிமா போஸ்டருக்கு மைதாவைக் கொதிக்கவைத்துக் கிண்டிய பசை. வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ஒட்டினால் ஞாயிறுக்குள் ஹீரோவின் முழங்கால்வரை காணாமல் போயிருக்கும். மாட்டுக்குக் காகிதத்தைவிட அதன் பின்னால் இருக்கும் மைதாமேல்தான் கண். அது எவ்வளவு நுட்பமான வேலை என்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், நூறு வருடம் தாண்டிய ஒரு செங்கல் வீட்டை வாங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். பின்னறையைக் குழந்தைக்குத் தயார் செய்ய வேண்டும். நான்கு சுவரிலும் வால்பேப்பர், அதுவும் அடுக்கடுக்காக. மேலே இருந்தது வினைல் பூசிய பூப்போட்ட தாள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வினைல் மட்டும் தோல்போல வந்துவிடும், பின்தாள் சுவரிலேயே தங்கிவிடும். அதற்கடியில் மரத்துகள் கலந்த சொரசொரப்பான வுட்சிப். மேடுபள்ளமான சுவர்களை மறைக்க 1970களில் பிரிட்டன் வீடுகளில் சகட்டுமேனிக்கு ஒட்டப்பட்டது இது. அதன்மேலும் யாரோ இரண்டு மூன்று முறை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதற்கும் கீழே, பழுப்பேறிய இன்னொரு தாள்.

அப்பா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "எதுக்குடா இவ்வளவு பாடு? அதுமேலயே ரெண்டு கோட்டிங் அடிச்சு விட்டுற வேண்டியதுதானே" என்றார்.

அவர் அறிந்த சுவருக்கு அது சரியான யோசனைதான். பொங்கலுக்கு முன்னால் நீலம் கலந்த சுண்ணாம்பில் மட்டையை முக்கி அடிப்போம். போன வருடத்துச் சுண்ணாம்பை யாரும் சுரண்டி எடுப்பதில்லை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். முப்பது பொங்கல் சேர்ந்தாலும் அது சுவரின் பகுதிதான். காகிதம் அப்படிச் சுவராக மாறாது. அதன்மேல் பெயின்ட் அடித்தால், பெயின்டில் இருக்கும் தண்ணீரைக் குடித்து ஊதும். ஒட்டு வலுவிழந்த இடங்களில் கொப்புளம் கிளம்பும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உரி" என்றார் சுருக்கமாக.

கடையில் 'வால்பேப்பர் ஸ்ட்ரிப்பர்' கேட்டேன். பெயர்தான் ஏதோ அமிலம் மாதிரி பயமுறுத்துகிறது. பழைய பெயின்டை அரிக்கும் ரசாயனங்கள் வேறு ஜாதி. வால்பேப்பருக்கான திரவங்களில் பெரும்பாலானவை சோப்பின் சொந்தக்காரர்கள். தண்ணீரை முத்துமுத்தாக வழிய விடாமல், பரவி உள்ளே இறங்க வைப்பது மட்டுமே அவற்றின் வேலை. சிலவற்றில் என்சைமும் இருக்கும், ஸ்டார்ச்சை உடைக்கும் அமிலேஸ் வகை. நம் எச்சிலில் இருப்பதும் அமிலேஸ்தான். பழைய வால்பேப்பர்களை ஒட்டியது கோதுமை மாவுப் பசை. ஆக, பாட்டிலில் அடைத்து விற்பது நம்மூர் மாட்டின் வேலையைத்தான்.

முள் சக்கரத்தை உருட்டி வினைலிலும் பெயின்டிலும் சிறு துளைகள் போட வேண்டும். அழுத்தினால் பின்னாலிருக்கும் பூச்சு கீறிவிடும். வெந்நீரில் கலந்த திரவத்தைத் தெளித்துக் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். மறுபடி தெளித்து, மறுபடி சும்மா. பிறகு அகலமான தகட்டைச் சுவரோடு படுத்தவாக்கில் தள்ளினால் ஈரக் கூழாகச் சுருண்டு வரும். வரவில்லையென்றால் பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை, நேரம் போதவில்லை. இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் கால் முடித்துவிட்டு வருகிறவனுக்கு இந்தச் 'சும்மா'தான் கஷ்டம்.

காத்திருந்த கால் மணி நேரங்களில்தான் வால்பேப்பரின் கதையைப் படித்தேன். 1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் உருவாக்கிய பச்சை நிறமி, தாமிரமும் ஆர்செனிக்கும் சேர்ந்தது. அதுவும் அதன் வழிவந்த பச்சைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரவேற்பறைகளில் இலையும் கொடியுமாகப் படர்ந்தன. வால்பேப்பர் என்றாலே நினைவுக்கு வரும் வில்லியம் மோரிஸ், ஆர்செனிக் தோண்டிய டெவன் கிரேட் கன்சோல்ஸ் சுரங்கத்தின் இயக்குநர்களில் ஒருவராக 1875வரை இருந்தார். இந்தத் தாள்கள் ஆளைக் கொல்லும் என்பதை அவர் நம்பவில்லை. 1890களில் பார்த்தொலொமியோ கோசியோ என்ற இத்தாலியர், ஈரத்தில் வளரும் பூஞ்சை இந்த நிறமியிலிருந்து ஆர்செனிக் வாயுவைக் கிளப்பும் என்று காட்டினார். ஒட்டிய பசை உணவு, தீட்டிய நிறம் விஷம்.

இதைப் படித்த பிறகு அந்த அறை எனக்கு வேறாகத் தெரிந்தது. சுவரில் தலைக்குமேல் ஓடிய, படம் மாட்டுவதற்கான மரச் சட்டத்தைப் பார்த்தேன். தடித்த, மஞ்சளித்த எனாமல். 1970க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனைக் கிட் வாங்கித் தேய்த்தேன். நிறம் மாறியது. தரையோரப் பலகையிலும் கதவிலும் தேய்த்தேன், மாறவில்லை. அவை பின்னால் மாற்றப்பட்டவையாக இருக்க வேண்டும்.

மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள். "அதையும் சுரண்டிடலாமா?"

சுரண்டத்தான் கை துடித்தது. இரண்டு வாரமாக உரித்துப் பழகிய கை. ஆனால் ஈயப் பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் அது தூளாகிக் காற்றில் ஏறும், தரையில் படியும். தவழும் குழந்தையின் கை அங்கிருந்து நேரே வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகம் உள்வாங்கும், மூளையில் அது செய்யும் கெடுதல் திரும்பாது. பெயின்ட் உரியாமல், வெடிக்காமல், எட்டாத இடத்தில் இருந்தால் கிளறாமல் மேலே பூசி மூடுவதே பாதுகாப்பு.

"இல்ல, மூடிடலாம்" என்றேன்.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பாப்பா தலைக்கு மேலயே இருக்கட்டும்ங்கிறியா?" என்றாள். நியாயமான கேள்வி. கூகிளில் இருவரும் தனித்தனியே தேடி, ஒரே பதிலுக்கு வந்துசேர இரண்டு நாள் ஆனது. ஈரத்துணியால் துடைத்து, நல்ல அன்டர்கோட், மேலே இரண்டு கோட்டிங். ஆக, அப்பா சொன்னது அந்தச் சட்டத்துக்குப் பொருந்தியது.

யாரோ எழுதி வைக்காமல் போன கோடைப் புரிந்துகொள்வதுதான் என் பிழைப்பு. அதனால் அலமாரிக் கதவின் உட்புறம் மார்க்கரில் தேதி போட்டு எழுதினேன்: "மேலே ஓடும் மரச் சட்டத்தில் ஈயப் பெயின்ட் இருக்கிறது. சுரண்ட வேண்டாம்." ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அடுத்து வருபவர் யார் என்று நமக்கென்ன தெரியும்?