எழுத்தைப் பெரிசாக்கினா மறைஞ்சு போன ஒரு வரி

இது நன்கொடை கேட்டுப் போடும் பதிவு இல்லை. ஒரு மன்னிப்பு, ஒரு வேண்டுகோள்.

நம்ம ஆலயத்து அகப்பக்கத்தைச் செஞ்சது நான்தான். ரெண்டு மாசம் முன்னாடி, கிருத்திகை அன்னைக்கு, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி பெரி ஏறி வந்தாங்க. கையில பால் செம்பு. மணி ஆறே முக்கால். 5.30க்குத் தொடங்கின அபிஷேகம் முடிஞ்சு, அலங்காரமும் ஆகியிருந்தது.

"தம்பி, 7 மணி பூஜைன்னுதானே போட்டிருக்கீங்க?"

"கிருத்திகைக்கு 5.30ன்னு கீழேயே இருக்கு பாட்டி, சரியா பாருங்க"ன்னு அவசரத்துல சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் பேசாம கைப்பேசியை நீட்டினாங்க. கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு பேரன் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்திருக்கார். பெட்டிக்குள்ள "மாலை பூஜை 7.00" மட்டும்தான் தெரிஞ்சது. கிருத்திகை வரியைக் காணோம். பாட்டி சரியாத்தான் பார்த்திருக்காங்க. தப்பு என்னோடது.

அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு உயரத்தை இத்தனை பிக்சல்னு இறுக்கி வச்சு, மிஞ்சுவதை மறைச்சிடுன்னும் எழுதியிருந்தேன். எழுத்து வளர்ந்தது, பெட்டி வளரலை. தைச்ச சட்டை ஒருத்தருக்குத்தான் பொருந்தும், வேட்டி யாருக்கும் பொருந்தும். நான் சட்டை தைச்சு வச்சிருந்தேன்.

இப்ப மாத்தினது இதுதான். உயரத்தை எடுத்துட்டு, "குறைஞ்சது இவ்வளவு" என்று மட்டும் வச்சேன். அளவுகளை எழுத்தோட சேர்ந்து வளரும் 'ரெம்' அலகுக்கு மாத்தினேன். வரி இடைவெளியையும் அப்படியே. இல்லேன்னா நம்ம தமிழ்ல மேலே இருக்கிற 'கி', 'கீ' சுழியும் கீழே இருக்கிற 'கு', 'கூ' வாலும் வெட்டுப்படும். "பாலதண்டாயுதபாணி" மாதிரி நீளமான பேர் திரைக்கு வெளியே ஓடாம, தேவைப்பட்டா மடங்கட்டும்னு விட்டேன். பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு பத்தியும் இடம் பத்தலைன்னா ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா இறங்கிக்கும்.

பூஜை நேரத்தைப் போஸ்டர் படமா மட்டும் போடுற பழக்கத்தையும் விட்டாச்சு. படத்துல இருக்கிற எழுத்து, எழுத்து அளவை மாத்தினா பெரிசாகாது.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. எழுத்தை 200 விழுக்காடு பெரிசாக்கினாலும் எந்தத் தகவலும் மறையக் கூடாதுன்னு உலக இணையக் கூட்டமைப்பு 2008லேயே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கு. நான்தான் படிக்கலை.

தண்ணீர்மலையில 513 படி. ஏற முடியாதவங்களுக்குக் கை கொடுக்கிறோம், மோர் கொடுக்கிறோம். ஆனா வயசானவங்க முதல்ல ஏறுற படி இப்ப கைப்பேசிதான். அதுல ஒரு படியை நானே உடைச்சு வச்சிருந்தேன்.

போன கிருத்திகைக்குப் பாட்டி 5 மணிக்கே வந்துட்டாங்க. "இப்ப தெரியுது தம்பி"ன்னு சொன்னாங்க. பால் அபிஷேகத்துக்குப் போச்சு.

வேண்டுகோள் இதுதான். தைப்பூசத்துக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்க கைப்பேசியில நம்ம பக்கத்தைத் திறந்து பாருங்க. எழுத்து அளவைக் கடைசி வரைக்கும் கூட்டுங்க. எங்கேயாவது வெட்டுப்பட்டா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க. மத்த ஆலயத் தொண்டர்களும் உங்க பக்கத்தை ஒரு தடவை இப்படிப் பார்த்துடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!