தொகுத்துக் காரணி காணல்

திங்கட்கிழமை

ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கும் என் பேத்தி இன்று மாலை பீஜகணிதப் புத்தகத்துடன் வந்து உட்கார்ந்தாள். க³ − 2க² − 9க + 18 என்னும் கோவையைக் காரணிப்படுத்த வேண்டும். முதலிரண்டு உறுப்புகளிலிருந்து க²-ஐ வெளியே எடுத்து க²(க − 2) என்று சரியாகவே எழுதியவள், பின்னிரண்டிலும் 9-ஐ எடுக்கையில் −9(க + 2) என்று எழுதிவிட்டு, அடைப்புகள் ஒத்துவராமையால் திகைத்துப் போனாள். "குறைக்குறியை வெளியே எடுத்தாயானால் உள்ளே இருப்பதன் குறியும் மாறுமல்லவா, அம்மா?" என்றதும், −9(க − 2) என்று திருத்தி, பொதுக் காரணியைப் பிரித்து (க − 2)(க² − 9) என்றும், அதையும் விடாமல் (க − 2)(க − 3)(க + 3) என்றும் முடித்தாள். "சரி தாத்தா, இரண்டு அடைப்பும் எப்படி ஒன்றாகவே அமைந்தன?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விதான் இன்றைய பாடத்தின் சாரம்.

புதன்கிழமை

இரண்டு ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கும்போது, ஒன்றின் ஒவ்வோர் உறுப்பும் மற்றதன் ஒவ்வோர் உறுப்பையும் சந்திப்பதால் நான்கு உறுப்புகள் பிறக்கின்றன. அவற்றை வரிசைப்படி எழுதினால், முதற்குணகத்தையும் கடைசிக் குணகத்தையும் பெருக்கி வருகிற எண்ணே, நடுவிலுள்ள இரண்டையும் பெருக்கினாலும் வந்து தீரவேண்டும். திங்களன்று பார்த்த கோவையில் இரு பெருக்கங்களும் 18. ஆகவே, தொகுத்தல் என்பது முன்பு நடந்த பெருக்கத்தின் சுவடுகளைப் பின்னோக்கித் தேடிச் செல்லும் காரியமேயாகும். 1621-ல் காலமான தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணித பண்டிதரின் நூல், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1631-ல் லண்டனில் அச்சேறிற்று. அதில் அவர் ஈருறுப்புக் காரணிகளைப் பெருக்கியே சமன்பாடுகளை நிர்மாணித்துக் காட்டியிருக்கிறார். கட்டிய விதம் தெரிந்தவனுக்குப் பிரிக்கும் விதமும் விளங்கும் என்பதற்கு அதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

சனிக்கிழமை

இன்று வேண்டுமென்றே க³ − 6க² + 11க − 6 என்பதைக் கொடுத்தேன். ஓரங்களின் பெருக்கம் −6, நடுவிலுள்ளவற்றின் பெருக்கம் −66. பேத்தி உடனே, "இது தொகுபடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இருந்தபடியே தொகுபடாது என்பது வாஸ்தவம். ஆனால் காரணிகளே இல்லை என்று அதனால் ஏற்படாது. க-வுக்கு 1 என்று மதிப்பிட்டால் கோவை பூஜ்யமாவதால் க − 1 ஒரு காரணி என்று தெரிகிறது; அதை மனத்தில் வைத்துக்கொண்டு, −6க²-ஐ −க² − 5க² என்றும், 11க-வை 5க + 6க என்றும் பிளந்தெழுதினால், க²(க − 1) − 5க(க − 1) + 6(க − 1) என்று மூன்று ஜோடிகளும் தாமே வந்து அமைகின்றன. எஞ்சிய க² − 5க + 6-ம் இரண்டாய்ப் பிரிய, (க − 1)(க − 2)(க − 3) என்பது விடை. பெருக்கும்போது ஒன்றாய்க் கலந்துபோன உறுப்புகளை மறுபடி பிரித்துவைத்த பிறகே தொகுத்தல் கைகூடிற்று.

இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காரணி கண்டுபிடிக்கச் சொல்லுமுன், மாணவர்களையே காரணிகளைப் பெருக்கிக் கோவைகளை ஆக்கச் சொல்லுங்கள், விடை வந்தபின், அதை மறுபடி பெருக்கிச் சரிபார்க்கவும் பழக்குங்கள்.