மீனுக்கு முன்னால் கல் குடியேறியது

பெரம்பூரில் 11 வருடம் குடியிருந்த வீட்டை விற்கப் போவதாக ஓனர் சொன்னதும், தாம்பரம் பக்கம் ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஆடியில் வீடு மாற மாட்டோம். ஆனி முடிவதற்குள் போயாக வேண்டும். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே வந்த வேன்காரர், ஹாலில் இருந்த 4 அடி மீன்தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “இதுவுமா மேடம்?”

அது என் மகனுடையது. ஒன்பதாம் வகுப்பில் அவன் ஆரம்பித்து வைத்தது. இப்போது அவன் ஜெர்மனியில் படிக்கிறான், தொட்டி என் கையில். கடல் மீன் தொட்டி. ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் வரும் ஆரஞ்சு, வெள்ளைக் கோடு போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி. அதே படத்தின் டோரி போல நீல டாங் ஒன்று. மீன்களின் மேல் ஏறிச் சுத்தம் செய்யும் இறால் ஒன்று. அந்த ஜோடியில் பெரியதுதான் பெண். அது இறந்துவிட்டால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும் என்று மகன் சொன்னபோது என் மாமியார் ஒரு நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

“பக்கத்துலதானே கொளத்தூர், கலர் மீன் கடையில குடுத்துடு” என்றார்கள் உறவினர்கள். வீட்டுக்காரரும் அதே கட்சி. மகனிடம் போனில் கேட்டேன். “உனக்கு முடியலன்னா குடுத்துடும்மா, பரவாயில்ல” என்றான். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் முடிவு செய்துவிட்டேன்.

சாதாரண மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். கடல் மீன் குடித்துக்கொண்டே இருக்கும். அதன் உடம்பில் இருப்பதைவிட வெளியே உப்பு அதிகம் என்பதால், உடம்பிலிருக்கும் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் குடிக்கிறது, குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. பயந்துபோன மீனுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். அதனால்தான் உப்பின் அளவும் சூடும் திடீரென்று மாறக் கூடாது.

ஆனால் வீடு மாற்றுவதில் மீனைவிடப் பெரிய சமாச்சாரம், தொட்டிக்குள் கிடக்கும் கற்கள். துளை துளையாக இருக்கும் பவழப் பாறைத் துண்டுகள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். கல்லில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கி, விஷத்தைக் குறைக்கின்றன. பழைய தண்ணீரை அப்படியே கொண்டுபோனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் அந்த பாக்டீரியா கொஞ்சம்தான். கல் காய்ந்துபோனால் அதிலிருக்கும் உயிர்கள் செத்து, அழுகி, தொட்டியையே விஷமாக்கிவிடும்.

அதனால் எங்கள் ஷிஃப்டிங்கில் முதல் மரியாதை கற்களுக்கு.

முதல் நாளே புதிய வீட்டுக்குப் போய், இரண்டு டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி, கடல் மீனுக்கென்று விற்கும் உப்பைக் கரைத்து வைத்தோம். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். சமையல் உப்பு உதவாது. கடலில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கிறதே. ராத்திரி முழுக்கச் சின்ன மோட்டார் ஓடித் தண்ணீரைக் கலக்கியது. மாமியார் உதவிக்கென்று செம்புக் குடத்தை எடுத்து வந்தார். “செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுதானே?” நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கு ஆகாது அத்தை என்றேன். செம்பு கொஞ்சம் கலந்தாலும் இறால் செத்துவிடும்.

ஒரு நாள் முன்பே மீனுக்குத் தீனியை நிறுத்தியிருந்தேன், வழியில் கழிவு குறையும் என்று. விடியற்காலை 4 மணிக்கு, வெயிலுக்கு முன்னால் வேலையை ஆரம்பித்தோம். முதலில் தெளிந்த தண்ணீரில் பாதியை டிரம்களில் பிடித்தோம். கற்களை எடுத்து அந்தத் தண்ணீரிலேயே மூழ்க வைத்து, பேட்டரியில் ஓடும் காற்று பம்பைப் போட்டோம். பிறகு மீன்கள், ஆளுக்கொரு மூடி போட்ட பக்கெட். நீல டாங்கின் வால் பக்கத்தில் கத்தி மாதிரி ஒரு முள் உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும். அதை டப்பாவில்தான் பிடிக்க வேண்டும்.

அடி மணலைக் கிளறியபோது அழுகிய முட்டை நாற்றம். காற்றுப்படாத அடியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைட் அது. அந்த மணலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மணல் வாங்கி வைத்திருந்தோம். “கொஞ்சம் தண்ணியோட அப்படியே தூக்கிடலாம் மேடம்” என்றார் வேன்காரர். கூடாது. 250 லிட்டர் தொட்டி, பாதி இருந்தாலும் 125 கிலோ. தூக்கும்போது கண்ணாடி முறுகினால் ஒட்டு விட்டுவிடும். வெறும் தொட்டியைப் போர்வை சுற்றி ஏற்றினோம்.

தாம்பரத்தில் இன்னொரு சிக்கல். பால் காய்ச்சாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று மாமியார் வாசலில் நின்றுவிட்டார். நல்ல நேரம் வர இன்னும் முக்கால் மணி நேரம். டிரம்மில் கற்கள், பக்கெட்டில் மீன்கள், வாசலில் வேப்ப மர நிழல். தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 26 டிகிரியில் இருந்தது 28 ஆனது. பால் பொங்கியது. உள்ளே முதலில் போனது சாமி படம், அடுத்தது கற்கள்.

ஸ்டாண்டுக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் ஃபோம் ஷீட் போட்டு, மணல், கல், பழைய தண்ணீர், புதுத் தண்ணீர் என்று நிரப்பினோம். கலங்கல் தெளிய மாலை ஆகிவிட்டது. உப்பு, சூடு இரண்டும் சமமான பிறகே மீன்களை விட்டேன். இரண்டு நாள் லைட் போடவில்லை.

“வந்து சேர்ந்துடுச்சு, இனி கவலை இல்ல” என்றார் வீட்டுக்காரர். மகன் அப்படிச் சொல்லவில்லை. “இனிமேல்தாம்மா பார்க்கணும்.”

தினமும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பார்த்தேன். இரண்டாம் நாள் லேசாகப் பச்சை காட்டியது. கால்வாசித் தண்ணீரை மாற்றினேன், தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினேன். நாலாம் நாள் பூஜ்யம். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறாம் நாள் காலையில் நீல டாங்கின் உடம்பில் உப்புக் கல் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. வெண்புள்ளி நோய். தொட்டியில் கொஞ்சமாக ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணி, மீன் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பெருகும். டாங் வகை மீன்களுக்குச் சீக்கிரம் வரும்.

ஒரு கடையில் மருந்து கொடுத்து, “தொட்டியிலேயே ஊத்திடுங்க” என்றார்கள். லேபிளைப் படித்தேன். காப்பர் மருந்து. ஊற்றினால் இறால் போய்விடும், கல்லும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி மகன் வீடியோ காலில் வர, பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தனித் தொட்டியாக்கி, மூன்று மீன்களையும் அதற்கு மாற்றினோம். டாங்குக்கு மட்டும்தானே நோய் என்று வீட்டுக்காரர் கேட்டார். புள்ளி உதிர்ந்ததும் நோய் போய்விடாது. அந்தக் கிருமி மணலில் போய் ஒட்டி, பல மடங்காகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். மீனே இல்லாமல் இரண்டரை மாதம் பெரிய தொட்டியைக் காலியாக விட்டால், ஒட்ட உடம்பு கிடைக்காமல் அழிந்துவிடும். மீன்களுக்குத் தனியாக மருந்து, தினமும் டெஸ்ட், தினமும் தண்ணீர் மாற்றம். என் முதுகு வலி தனிக் கதை.

மூன்று நாள் டாங் எதையும் சாப்பிடவில்லை. மகன் அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு மெசேஜ் போடுவான், “சாப்பிட்டுச்சா?” நாலாம் நாள், நோரி என்கிற கடல்பாசித் தாளைப் பூண்டுச் சாற்றில் நனைத்து க்ளிப்பில் மாட்டினேன். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஒரு கடி கடித்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன். அவனிடமிருந்து பதில் வரவில்லை, போனே வந்தது.

இன்றைக்கு 41வது நாள். புள்ளிகள் இல்லை. மருந்து முடிந்துவிட்டது, மூன்றும் டப்பாவில் நன்றாகச் சாப்பிடுகின்றன. ஹாலில் 4 அடித் தொட்டியில் கற்களும் இறாலும் மட்டும். வருகிறவர்கள் எல்லாம் “மீன் செத்துப் போச்சா?” என்று கேட்கிறார்கள். மாமியார்தான் பதில் சொல்கிறார்: “அதுங்க ஆஸ்பத்திரியில இருக்கு. புரட்டாசில வந்துடும்.”