ஊசியின் நம்பரை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்

 

எங்கள் ஊரில் சுவெட்டர் போடுகிற குளிர் இல்லை. ஆனாலும் இங்கே சுவெட்டர் பின்னுகிறார்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மகள்மாருக்கும் பேத்திமாருக்கும். விசா கிடைக்காத அம்மம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் பதிலாகப் போய்ச் சேருவது அந்தச் சுவெட்டர்தான். மாதக்கணக்கான வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த கம்பளி நூல் இடையில் முடிந்தால், அதே நிறத்தில் இங்கே வாங்குவது கஷ்டம். ஆகவே ஊசியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ரேந்தை வேலைப்பாடுள்ள சுவெட்டரில்தான் ஊசி பெரிய விஷயம். எங்கள் வீடுகளில் உள்ள பழைய ஊசிகளில் இருப்பது பழைய பிரித்தானிய நம்பர். அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். யூடியூப்பில் வருகிற அமெரிக்க நம்பரோ நேர்மாறு, நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். பழைய பிரித்தானிய 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. பத்தாம் நம்பரில் வித்தியாசம் இன்னும் பெரிது: ஒன்று 3.25 மி.மீ., மற்றது 6 மி.மீ.

ஒரு மில்லிமீற்றர் என்ன செய்யும்? கணக்குப் போடுவோம். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றால், 200 கண்ணியில் மார்புச் சுற்று 100 செ.மீ. வரும். மெல்லிய ஊசியால் அதே 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழுந்தால், சுற்று 83 செ.மீ.தான். பிள்ளைக்குச் சட்டை ஏறாது.

ஆகவே மில்லிமீற்றரில் அளவுங்கள். நம்பர் அழிந்த ஊசியைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கியால் அளக்கலாம்.

அடுத்தது நுனி. ரேந்தையில் நூலைச் சுற்றி ஓட்டை விடுவோம், இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவோம். மொட்டை நுனி அந்த இரண்டுக்குள்ளும் நுழையாது, நூலைப் பிரித்துவிடும். கூரான நுனி வேண்டும். வழுக்குகிற நூலுக்கு மூங்கில் ஊசி நல்லது. வியர்க்கிற கையிலும் அது நழுவாது. உலோக ஊசியில் வேகம் கூடும், ஆனால் கண்ணி வழுகி விழவும் கூடும். இரும்பு ஊசி என்றால் எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், வெள்ளை நூலில் கறை ஏறும். முழு உடம்பையும் சுற்றிப் பின்ன, நடுவில் வயர் உள்ள வட்ட ஊசி வசதி. பாரம் மடியில் இருக்கும், மணிக்கட்டு நோகாது.

கடைசியாக, மாதிரித் துண்டு. ஒரு சாண் அகலத்துக்கு அதே ரேந்தையைப் பின்னி, நல்ல தண்ணீரில் நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்ட பிறகே கண்ணியை எண்ணுங்கள். நனைத்து இழுத்தால்தான் கம்பளி ரேந்தையின் ஓட்டை திறக்கும், அளவும் மாறும். கண்ணி கூடினால் ஊசியை ஒரு படி தடிப்பாக்குங்கள், குறைந்தால் மெல்லியதாக்குங்கள். ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு. பக்கத்து வீட்டக்காவுக்குச் சரிவந்த ஊசி உங்களுக்குச் சரிவராமல் போகலாம்.

ஒரு பின்னேரம் இதற்குப் போகும். போகட்டும், மாதக்கணக்கான வேலையை அவிழ்ப்பதைவிட அது மேல். நம்பர் அழிந்த ஊசி வைத்திருப்பவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அளந்து எழுதி அனுப்புவோம்.